பங்களாக்காரியின் கழுத்து

சொறியக் கூடாது. பங்களாக்காரி சொறிய மாட்டாள். ஒத்திகையின் முதல் நாளே ட்ரூப் நடத்துகிற வரது சார் சொல்லிவிட்டார், "பாக்கியம்மா, நீங்க கோடீஸ்வரி, கோடீஸ்வரிக்கு அரிக்காது." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அடுத்த நாடகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். இப்போது அவர் டாக்டர் சிதம்பரநாதனாக மேடைக்கு நடுவில் நின்று கடைசிப் பேச்சை ஆரம்பித்திருக்கிறார், நான் இந்தச் சிவப்பு சோபாவில் வெறும் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் முடிக்கிற வரைக்கும் எனக்குப் பேச்சு கிடையாது. முடித்ததும் ஒரே ஒரு வசனம். "நான் பின் சீட்டுல தூங்கிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது." அதைச் சொல்லிவிட்டு எழுந்தால் திரை. அதுவரை வாயை மூடிக்கொண்டு, கூட்டம் என்னை வெறுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. நன்றாக வெறுக்கிறார்கள். முன்வரிசையில் வைரத்தோடு போட்ட ஒரு அம்மாள் இடைவேளைக்கு முன்னாலேயே என்னைப் பார்த்து "சனியன்" என்றாள், இங்கே வரை கேட்டது. திட்டட்டும், அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே மேக்கப் அறையில் ஜெனிட்டாவை உட்கார வைத்து வெளியே தாழ் போட்டிருக்கிறார்கள். நாடகம் முடிந்ததும் போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள். நாடகமோ என் வசனத்தில்தான் முடிகிறது. நான் எழுந்தால் திரை விழும், திரை விழுந்தால் போன் பண்ணுவார்கள்.

"காரை யார் ஓட்டினதுன்னு நான் கேக்கல," என்கிறார் டாக்டர், அந்தத் தொண்டையை லேசாக உடைத்து, அதற்கு எந்த ஊரிலும் கைதட்டல் உண்டு, இதோ தட்டுகிறார்கள். "கார்ல யார் யார் இருந்தீங்கன்னு கேக்கறேன்." பழைய நாடகம், முப்பது வருஷமாக எந்த சபாவில் போட்டாலும் கூட்டம் வருகிறது. பணக்காரக் குடும்பம் ஒன்று காரில் போகிறது, ரோடு போடுகிற பெண் ஒருத்தி அடிபட்டுச் சாகிறாள், ஓட்டியது பிள்ளை, பழி டிரைவர் மேல். நான் அந்த வீட்டு அம்மாள். மேடையில் அபர்ணா என் மகள், நிஜத்தில் வரது சாரின் மருமகள். ஜெனிட்டா எங்கள் வீட்டு வேலைக்காரி, முதல் பாதியில் எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே வெளியேறுகிறவள். டிரைவர் முனியனாக ஆடிட்டர் கௌரிசங்கர். அதோ தரையில் என் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இந்தப் பக்கம் இரண்டு ஃபிளாட், அந்தப் பக்கம் ஒரு ஃபிளாட். ஏழை என்றால் கறுப்பாக இருக்க வேண்டுமாம், அதனால் ராஜா மாதிரி நிறத்தில் இருக்கிற மனுஷன் முகத்தில் கறுப்பு அப்பிக்கொள்கிறார், பணக்காரி என்றால் வெள்ளையாக இருக்க வேண்டுமாம், அதனால் என் முகத்தில் மேல் மேலாகப் பேன்கேக் பூச்சு. நான் கொருக்குப்பேட்டையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிவிட்டு வந்து இங்கே கோடீஸ்வரி, அவர் காரில் வந்து இறங்கி இங்கே ஏழை. அவர் "அம்மா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கும்மா" என்று என் காலைத் தொடும்போது அரங்கமே உச்சுக்கொட்டுகிறது. வயிறு எரிகிறது எனக்கு. எரியாமல் என்ன செய்யும்? நாடகம் முடிந்ததும் இவர்கள் எல்லோரும் வரது சார் வீட்டில் சாப்பிடப் போவார்கள், எனக்கும் ஜெனிட்டாவுக்கும் கையில் எலுமிச்சம்பழ சாதப் பொட்டலம். "உங்களுக்கு பஸ் போயிடுமேம்மா" என்பார்கள், ரொம்ப அக்கறையாக. இன்றைக்கு ஜெனிட்டாவுக்கு அந்தப் பொட்டலமும் இல்லை.

கழுத்து அரிக்கிறது. கவரிங் நகையும் வேர்வையும் சேர்ந்தால் எனக்கு எப்போதும் தடித்துப்போகும், வீட்டுக்குப் போய்த் தேங்காயெண்ணெய் தடவினால்தான் அடங்கும், இந்த விளக்குச் சூட்டில் கேட்கவே வேண்டாம். ட்ரூப் பெட்டியில் இருக்கிற அத்தனை சங்கிலியும் பச்சை பூத்தவை, எந்த ராணி, எந்த மாமியார் போட்டுக் கழற்றியதோ. இன்றைக்கு பஸ் கிடைக்காமல் லேட்டாகத்தான் வந்தேன், முதல் மணி அடித்தாகிவிட்டது, மைதிலி மாமி, வரது சாரின் மனைவி, "சீக்கிரம் சீக்கிரம்" என்று பின்னால் நின்று கத்தினாள், நான் புடவையைச் சுற்றிக்கொண்டே கண்ணாடி முன்னால் பெட்டியிலும் பெட்டியைச் சுற்றியும் கிடந்ததை வாரி மாட்டிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். இடைவேளையில் உள்ளே போனால் வேறு நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. அபர்ணா அழுதுகொண்டு நிற்கிறாள். "மயில் முகப்பு வச்ச சங்கிலிம்மா, எங்க அம்மா குடுத்தது, நன்னா ஞாபகம் இருக்கு, கழட்டி என் ஹேண்ட்பேக்லதான் வச்சேன்." அவளுக்கு முதல் காட்சியிலேயே நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு, அடிபட்டவள் மாதிரி கழுத்தில் ஒன்றும் இல்லாமல் வரவேண்டும், அதனால் கழற்றியிருக்கிறாள். அறையில் யார் இருந்தது? ஜெனிட்டா இருந்தாள், புடவை மடித்துக்கொண்டிருந்தாள். முடிந்தது. அவள் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். ஒரு சீப்பு, டிபன் பாக்ஸ், ஜெபமாலை. மாமி அந்தப் பெண்ணின் ரவிக்கையைத் தடவிப் பார்த்தாள், எல்லோர் முன்னாலும், ஆடிட்டர் நாகரிகமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எட்க்கலக்கா, மாதா மேல சத்தியமா எட்க்கலக்கா." என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், அவர்களைப் பார்த்து அல்ல. காசிமேட்டுப் பெண், இந்த ட்ரூப்பில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். வரது சார் கையை உயர்த்தினார், இப்போது டாக்டராக உயர்த்துகிறாரே, அதே மாதிரி. "இப்ப ஒண்ணும் வேண்டாம். ஷோ கெட்டுடக் கூடாது. முடியட்டும், ஸ்டேஷனுக்குச் சொல்லிக்கலாம். இந்த மாதிரி இடத்துலேர்ந்து வரவாளை நம்பி உள்ள விட்டது நம்ம தப்பு." அப்புறம் மாமி என் பக்கம் திரும்பினாள். "பாக்கியம், நீ பாத்தியா?" நான் சொன்னேன். என்ன சொன்னேன்? "நானே லேட்டா வந்தேன் மாமி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அட கடவுளே, வசனத்தையே சொல்லியிருக்கிறேன். ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போய் தானாக வந்து விழுந்திருக்கிறது. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதுதானே, நான் என்ன பொய்யா சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். ஆனால் ஜெனிட்டாவைத் தெரியுமே. அவள் எடுக்க மாட்டாள் என்று தெரியுமே. கீழே கிடந்த ஊக்கைக்கூட "யார்துக்கா இது" என்று கேட்டுவிட்டு எடுக்கிறவள். அதை ஏன் சொல்லவில்லை? சொன்னால் "ரெண்டு பேரும் கூட்டு" என்பார்கள், அதனால். பயம்தான், வேறென்ன. சொர்ணத்துக்கு நடந்ததைப் பார்த்தவள் நான். சொர்ணம் என்னைவிட நன்றாக நடிப்பாள், அழுகைக் காட்சியில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேறு ஒரு ட்ரூப்பில் ஒரு பட்டுப்புடவை காணோம் என்றார்கள். அவள்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, "போகட்டும்" என்று விட்டுவிட்டு அவளைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். ஒரு சபாவிலிருந்து இன்னொரு சபாவுக்கு அந்தப் பேச்சு பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. புடவை அப்புறம் சலவைக்காரரிடமிருந்தே வந்தது. வந்ததும் சிரித்தார்கள், "அடடே, இங்க இருக்கு பாரு" என்று. சொர்ணத்தைக் கூப்பிட்டு யாரும் சொல்லவில்லை. அவள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவுகிறாள். ஜெனிட்டாவுக்குப் போலீஸ். ராத்திரி ஸ்டேஷனில் ஒரு வயசுப் பெண்ணை உட்கார வைத்தால் காலையில் தெருவில் அவளுக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று இந்த மாமிக்குத் தெரியுமா? தெரிந்தால்தான் என்ன. சங்கிலி மயில் முகப்பு வைத்தது, அம்மா கொடுத்தது. ஜெனிட்டாவையும் ஒரு அம்மாதான் பெற்றாள், மீன்கூடை தூக்கி வளர்த்தாள்.

"செத்துப்போனாளே அந்தப் பொண்ணு, அவ பேரு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்கிறார் டாக்டர், என்னை நோக்கி ஒரு அடி வைத்து. இந்த இடத்தில் நான் பார்வையைத் தாழ்த்திக் கோப்பையைப் பார்க்க வேண்டும். பார்க்கிறேன். யோவ், உனக்குத் தெரியுமா? இத்தனை ஷோ ஆகியும் ஜெனிட்டாவை "அந்தப் பொண்ணு" என்றுதானே கூப்பிடுகிறாய்? "அந்தப் பொண்ணை வரச் சொல்லு, அந்தப் பொண்ணுக்கு லைட் படல." நோட்டீஸில்கூட அவள் பெயர் இல்லை, "மற்றும் பலர்". கோப்பையை அவர் மண்டையில் போட்டால் என்ன என்று கை பரபரக்கிறது. என்ன குரல், என்ன கண்ணீர், நிஜமாகவே கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை. வேஷக்காரனாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போகலாம், இந்த மனுஷன் இதை நம்பித்தான் பேசுகிறார். மேடையில் செத்துப்போன கூலிக்காரிக்காக அழுகிறார், கதவுக்குப் பின்னால் உயிரோடு இருக்கிறவளுக்குத் தாழ் போட்டுவிட்டு வந்து அழுகிறார், இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்கிறதோ. எரிச்சலில் அரிப்பு இன்னும் ஏறுகிறது. காதுக்குக் கீழே, பிடரியில், தொண்டைக் குழியில். சொறியக் கூடாது. விரலால் லேசாகச் சங்கிலியை நகர்த்தலாம், கோடீஸ்வரிகள் அதைச் செய்வார்கள், அது பெருமை மாதிரி இருக்கும். நகர்த்துகிறேன். குட்டைச் சங்கிலிக்குக் கீழே கொப்புளம். நெக்லஸுக்குக் கீழே ரணம். நீளச் சங்கிலி கிடக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை. தோல் தோலாகவே இருக்கிறது.

என்ன இது. பெட்டியில் புதுச் சங்கிலி வாங்கிப் போட்டிருக்கிறார்களா? வாங்குகிறவர்களா இவர்கள், போன வருஷம் பல் உடைந்த கொண்டை ஊசியையே இன்னும் மாற்றவில்லை. மாட்டும்போதே கொஞ்சம் கனமாக இருந்தது, பரவாயில்லையே, நல்லதாக ஒன்று வாங்கியிருக்கிறார்களே என்று ஓட்டத்தில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. விரலை மெதுவாக இறக்குகிறேன், முந்தானைக்குள், மார்புக்குப் பக்கத்தில். இரட்டை வடம். வடம் சேருகிற இடத்தில் ஒரு முகப்பு. முகப்பில் ஒரு கொண்டை, ஒரு வளைந்த கழுத்து, விரித்த தோகை.

மயில். மயில்தான். பாவி, என் கழுத்திலேயே கிடக்கிறது. ஹேண்ட்பேக்கில் வைத்தாளாம்! கண்ணாடி மேஜையில் கவரிங் பெட்டிக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு மேடைக்குப் போயிருக்கிறாள் மகராசி, நான் கவரிங்கோடு கவரிங்காக வாரி மாட்டியிருக்கிறேன். முதல் காட்சியிலிருந்து இதைப் போட்டுக்கொண்டு இவர்கள் எல்லோர் முன்னாலும் நடமாடியிருக்கிறேன். அபர்ணா என் மடியில் தலை வைத்து அழுதாளே, அவள் மூக்குக்கு நேரே. இடைவேளையில் மாமி என் கழுத்தைப் பார்த்துக்கொண்டுதானே கேட்டாள், "பாக்கியம், நீ பாத்தியா" என்று! முகப்பு முந்தானைக்குள் இருந்தது, சரி, வடம் வெளியில்தானே கிடந்தது, இவ்வளவு விளக்கு வெளிச்சத்தில்? எப்படிடி தெரியாமல் போச்சு? தெரியாதுதான். என் கழுத்தில் கிடந்தால் அது கவரிங். அவ்வளவுதான் விஷயம். ஜெனிட்டாவின் பையில் என்ன இருந்தாலும் அது திருட்டு, என் கழுத்தில் எது இருந்தாலும் அது போலி. ஆத்திரத்தில் எனக்குக் காது அடைக்கிறது, டாக்டரின் வாய் மட்டும் அசைகிறது.

யோசி, பாக்கியம், யோசி, அவர் இன்னும் செத்துப்போன பெண்ணின் குழந்தையைப் பற்றிய பகுதிக்கு வரவில்லை, நேரம் இருக்கிறது. இப்படியே எழுந்து புடவையைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினால் யாருக்குத் தெரியும்? சீ. யாருக்கும் தெரியாது என்பதே உண்மை, அதுதான் கேவலமாக இருக்கிறது. திரை விழுந்ததும் சத்தமில்லாமல் பெட்டிக்குள் போட்டுவிடலாமா? தேடும்போது கிடைக்கும். கிடைத்தால் என்ன சொல்வார்கள்? "போலீஸ்னதும் பயந்துபோய்க் கொண்டுவந்து போட்டுட்டா பாத்தியா" என்பார்கள், ஜெனிட்டா ஆயுசுக்கும் திருடிதான், போலீஸுக்குச் சொல்லாமல் விட்ட இவர்கள் தர்மவான்கள். சரி, உள்ளே போய், மாமி, இதோ என் கழுத்தில் இருந்தது, தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று கையில் கொடுத்தால்? கதவைச் சாத்திக்கொண்டு ஆறு பேர் என்னைப் பார்ப்பார்கள். கவரிங்குக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு, இத்தனை வருஷமா நாடகத்துல இருக்கே? நீதானே அந்தப் பொண்ணைக் கூட்டிண்டு வந்தே? நல்ல ஜோடி. அப்புறம் வரது சார் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தி, "போகட்டும், விடுங்கோ" என்பார். அந்த "போகட்டும்" போதும், சொர்ணத்தை முடித்தது அதுதான். உள்ளே போனால் நான் கூலிக்கு வந்தவள். அறைக்குள் என் பேச்சு எடுபடாது. இங்கே? இங்கே நான் பங்களாக்காரி. தலைக்கு மேலே மைக் தொங்குகிறது. சோபாவை அதற்குக் கீழே போட்டதே இவர்கள்தான், என் வசனம் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று. நான் வசனத்தைச் சொல்லாமல் திரையும் விழாது. ஒரு முறை யாரோ கையை ஆட்டினார்கள் என்று பாதிப் பேச்சில் திரையை விட்டுவிட்டு வரது சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் திரை இழுக்கிற ஏழுமலை, அன்றிலிருந்து "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்ற சொல் காதில் விழாமல் கயிற்றைத் தொட மாட்டார்.

"இந்த ஊரே ஒரு கார்தாம்மா," என்கிறார் டாக்டர், குரல் தழுதழுக்கிறது, "சொல்லுங்க. அந்தக் கார்ல நீங்க எங்க இருந்தீங்க?" விரல் என் முகத்துக்கு நேரே நிற்கிறது. இனி என் முறை. கோப்பையைக் கீழே வைக்கிறேன். சைடு படுதாவுக்குப் பின்னாலிருந்து ப்ராம்ப்டர் பட்டு மாமா மெதுவாக எடுத்துக்கொடுக்கிறார், "நான் பின் சீட்டுல..." எனக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறார். சங்கிலியைப் பிடித்துத் தலை வழியாகத் தூக்குகிறேன். கொண்டையில் மாட்டிக்கொள்கிறது சனியன், பூவோடு சேர்த்து இழுக்கிறேன், முடி பிய்ந்தாலும் பரவாயில்லை. வந்துவிட்டது. "டாக்டர்," என்கிறேன், என் குரலா இது, மைக் வாங்கி எங்கெங்கோ கொண்டுபோகிறது, "நான் தூங்கல. முழிச்சிட்டுத்தான் இருந்தேன். இது உங்க வீட்டுச் சங்கிலி. மயில் முகப்பு வச்சது. கவரிங்கோட மேஜையில கெடந்துச்சு, தெரியாம நான் மாட்டிக்கிட்டேன். நாடகம் ஆரம்பிச்சதுலேருந்து என் கழுத்துலதான் இருக்கு, இங்க இருக்கிற அத்தனை பேரும் பாத்தாங்க. இதைத் திருடிட்டான்னு ஒரு பொண்ணை உள்ள பூட்டி வச்சிருக்கீங்க."

கைதட்டுகிறார்கள். ஐயோ, கைதட்டுகிறார்கள், பங்களாக்காரி திருந்திவிட்டாள் என்று! வைரத்தோட்டு அம்மாள் கண்ணைத் துடைக்கிறாள். நாசமாய்ப் போக. ஆனால் நீட்டிய விரல் அப்படியே நிற்கிறது. வரது சார் சங்கிலியைப் பார்க்கிறார், மயிலைப் பார்க்கிறார், அந்தக் கண்ணில் இருந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த டிரைவர் முனியன் ஆடிட்டராகிவிட்டார், வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்க்கிறார். அபர்ணா "ஐயோ" என்கிறாள், கூட்டத்துக்கு அதுவும் பிடித்திருக்கிறது. "எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று பட்டு மாமா படுதாவுக்குப் பின்னாலிருந்து மன்றாடுகிறார், "எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லும்மா, சொல்லும்மா." வரது சார் குனிந்து, மைக்கில் விழாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார், "பாக்கியம்மா, எல்லாம் உள்ள போய்ப் பேசிக்கலாம். வசனத்தைச் சொல்லுங்கோ."

"உள்ள வேணாம் டாக்டர். இங்கயே கூப்பிடுங்க. அவ வந்து நிக்கணும், நீங்க மன்னிப்புக் கேக்கணும், கடைசி வரிசைக்கும் கேக்கணும். அவ பேரு ஜெனிட்டா."

மறுபடியும் கைதட்டல். அது ஓய்கிறது. என் கையில் சங்கிலி தொங்குகிறது, கூட்டம் வரது சாரின் வாயைப் பார்க்கிறது, இந்த இடத்துக்கு அவருக்கு யாரும் வசனம் எழுதித் தரவில்லை. அவர் கேட்பாரோ மாட்டாரோ, நாளைக்கு எனக்கு எந்த ட்ரூப்பும் இல்லை, அது தெரியும், கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் கோப்பையைக் கீழே வைத்தேன். ஆனால் நான் எழுந்திருக்கப் போவதில்லை. அந்த வசனத்தையும் சொல்லப் போவதில்லை, இன்றைக்கு மட்டுமில்லை, இனி எங்கேயும். உட்கார்ந்திருக்கிறேன், விளக்கெல்லாம் எரிகிறது, திரை மேலே நிற்கிறது. கழுத்தில் மிச்சமிருக்கிற கவரிங் உயிரை எடுக்கிறது. சங்கிலியை மடியில் போட்டுவிட்டு, சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, வரது சாரின் முகத்தைப் பார்த்தபடி, அத்தனை பேர் முன்னாலும், பத்து விரலாலும் சொறிந்துகொள்கிறேன்.